முன்னிருக்கையில் கேட்ட சொல்

1. அம்மன் கோயில் தேர் என்பதால் லண்டன் வெஸ்ட் ஈலிங்கில் பெரிய வீதியை மூடியிருந்தார்கள்.
2. அப்பா தன் மினிகாப் டாக்சியைப் பக்கத்துச் சிறிய தெருவுக்குள் திருப்பினார். முன்னிருக்கையில், அவருக்கு இடப்பக்கம், என் மேலாளர் இருந்தார்.
3. வலப்பக்கச் சந்திலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வந்தார்.
4. மேலாளர் ஒரு சொல்லைக் கத்தினார்.
5. அப்பா இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.
6. கார் சைக்கிளில் இடித்தது. அந்தப் பெண்ணின் காறை எலும்பு முறிந்தது.
7. நிறுத்தச் சொன்னதாக மேலாளர் சொன்னார். பார்க்கச் சொன்னதாக அப்பா சொன்னார்.
8. இருவருமே பொய் சொல்கிற ஆட்கள் அல்ல.

எங்கள் அலுவலகத்தில் ஏதாவது பழுதானால் இப்படித்தான் எழுதுவோம். ஒரு வரியில் ஒரு செயல். யாருடைய பிழை என்ற பேச்சு அன்றைக்கு எழக்கூடாது. மருந்துக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றும் வான்களுக்கு வழி சொல்லும் மென்பொருளை நாங்கள் செய்கிறோம். அதன் பொறியியல் பகுதி முழுவதும் அந்த மேலாளரின் பொறுப்பு. அவருக்குக் கீழ் வேலை செய்கிற பொறியாளர்களில் நானும் ஒருத்தி.

அவர் போர்த்துக்கல்லில் பிறந்தவர். இளவயதில் ரேஸ் கார் ஓட்டியவர். எழுதும் வழக்கம்கூட அங்கிருந்து வந்ததுதான். ரேஸில் ஓடி முடித்து இறங்கியவுடன் ஓட்டுநர் முதலில் வாயால் சொல்ல வேண்டுமாம்: எந்த வளைவில் கார் எப்படி இருந்தது, கையில் என்ன தெரிந்தது, காதில் என்ன கேட்டது. அதற்குப் பிறகுதான் வேகத்தையும் பிரேக்கையும் கணினி பதிவு செய்த கோடுகளைத் திறப்பார்கள். கோட்டை முதலில் பார்த்துவிட்டால், உணராததையும் உணர்ந்ததாக மனம் சொல்லத் தொடங்கிவிடும் என்பார். நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே இதைச் சொன்னார். எனக்குப் பிடித்துப்போயிற்று. நான் பல்பொருள் கடைக்குப் போவதென்றாலும் பட்டியல் எழுதுகிறவள்.

அப்பாவும் அவரும் சந்தித்தது என்னால்தான். ரயில் ஓடாத ஒரு மாலையில் அப்பா என்னை ஏற்ற அலுவலகத்துக்கு வந்தார். மேலாளர் வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெஸ்ட் ஈலிங்கில்தான் இருக்கிறார் என்றதும், வழியில் இறக்கிவிடலாம் என்று அப்பா ஏற்றிக்கொண்டார். மேலாளர் நேரே போய் முன்னிருக்கையில் ஏறினார். நான் பின்னால். அவர்கள் பேசியது ஆங்கிலம். அது என் நினைவில் எங்கள் தமிழாகவே இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"ரேஸ் ஓடின ஆளிட்டை லண்டனிலை ஒரு கார் இல்லையோ?" அப்பா நம்பவில்லை.

"ரேஸிலை எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போவினம். இஞ்சை அப்பிடி இல்லை. எனக்குப் பயம்."

அந்த நேரம் அம்மாவின் அழைப்பு வந்தது. அப்பா காரின் ஒலிபெருக்கியில், "சாவி மேசையிலை கிடக்கு. பாண் வாங்கிக்கொண்டு வாறன்" என்றார். எனக்கு அதில் கவனிக்க எதுவும் இருக்கவில்லை. மேலாளரோ இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்கள் எங்கட மொழியெல்லோ கதைக்கிறீங்கள்!"

சாவி, மேசை, ரொட்டிக்கு நாங்கள் சொல்லும் பாண். மூன்றும் அவருடைய வீட்டுச் சொற்கள். உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் வேறு. அப்பா உடனே பட்டியலை நீட்டத் தொடங்கினார். உட்காரும் கதிரை, அலுமாரி, துடைக்கும் துவாய், காலில் போடும் சப்பாத்து. ஒவ்வொன்றுக்கும் மேலாளர் கையைத் தட்டினார்.

"உங்கட ஆக்கள் வந்து எங்கட கோயிலுகளை இடிச்சுப்போட்டு, பதிலுக்குக் கதிரையும் மேசையும் தந்திட்டுப் போனவை" என்றார் அப்பா.

"அந்த ஷிப்டிலை நான் இல்லை."

அப்பா சிரித்த சிரிப்பில் சிக்னல் பச்சையானதைக் கவனிக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

அதன் பிறகு மேலாளர் விமான நிலையம் போவதென்றால் அப்பாவைத்தான் அழைப்பார். தூரத்துக் கூட்டங்களுக்கும் அப்படியே. அப்பா அவருக்கு 'அண்ணை' சொல்லிக் கொடுத்தார். அவர் 'அனை' என்று சொல்வார். அப்பா அவரைத் 'தம்பி' என்றார். ஆம் என்பதற்கான 'ஓம்', போகும்போது சொல்லும் 'வாறன்' இரண்டையும் மேலாளர் கற்றுக்கொண்டு, அலுவலகக் கூட்டங்களில் என்னைப் பார்த்து மட்டும் 'ஓம்' என்பார். மற்றவர்கள் தியானம் செய்கிறார் என்று நினைத்தார்கள்.

இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டு. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு புதுச் சொல்லாவது கண்டுபிடிக்க வேண்டும். அப்பா வீட்டுக்கு வந்து கைக்குட்டையை உதறியபடி சொல்லுவார்: "லேஞ்சியும் அவங்கட சொல்லுத்தானாம்!" அம்மா அடுப்படியிலிருந்து, "குசினிப் பக்கம் ஒருநாளாவது வந்திருந்தால் உங்களுக்கு இன்னும் நாலு சொல்லு கிடைச்சிருக்கும்" என்பார். குசினியும் அவர்களுடையதுதான் என்று அடுத்த பயணத்தில் தெரிந்தது. பொரிக்கிற தாச்சியும் அப்படியே.

ஒரு விஷயத்தை இப்போது திரும்பிப் பார்த்தால்தான் தெரிகிறது. அந்த விளையாட்டில் ஒருமுறைகூட, ஒரே ஒலிக்கு இரண்டு பொருள் வரவில்லை. ஒலி ஒத்துப்போனால் பொருளும் ஒத்துப்போனது. அதனால் அப்பாவுக்கு அது ஒரு விதி ஆகிவிட்டது.

மேலாளரின் கதை எனக்குத் தெரிந்ததும் அப்பா மூலம்தான். அலுவலகத்தில் அவர் தன்னைப் பற்றிப் பேசுவதில்லை. காரில் பேசியிருக்கிறார். அவருடைய தகப்பன் வடக்கில் ஒரு சிறிய ஊரில் பாண் போடுகிறவர். பாண் வானின் பின்னால் சின்ன ரேஸ் வண்டியைக் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மகனைக் கூட்டிப்போவார். நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்குகிற இடத்தில், கையில் கோதுமை மா ஒட்டியபடி நின்று கத்துவார். அந்தக் குரல் கேட்கிற இடத்தில் பிரேக் பிடிக்க வேண்டும். இயந்திரச் சத்தத்தை மீறிக் கேட்ட ஒரே குரல் அதுதானாம்.

ரேஸ் அணிகள் எல்லாம் இங்கிலாந்தில் என்பதால் இருபது வயது தாண்டியதும் இங்கே வந்தார். ஒரு மழை நாளில் வழுக்கிச் சுவரில் மோதி மணிக்கட்டு நொறுங்கியது. அது பொருந்துவதற்குள் அவருடைய இடத்தில் வேறொருவன் ஓடத் தொடங்கிவிட்டான். அணிக்காரர்கள் பாவம் பார்த்து ஒரு வேலை கொடுத்தார்கள்: அந்த வேறொருவன் ஓட்டிய கோடுகளைக் கணினியில் படித்து, எங்கே நேரம் வீணாகிறது என்று சொல்லும் வேலை. எங்கே வீணாகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்ததாம். மணிக்கட்டு ஒத்துழைத்திருந்தால் அங்கெல்லாம் தான் எவ்வளவு பிந்திப் பிரேக் பிடித்திருப்பேன் என்பதும் தெரிந்ததாம். அந்தக் கோடுகளைப் படிப்பதற்காகத்தான் நிரல் எழுதப் பழகினார். அந்தப் பழக்கம் அவரை இந்தப் பதவிவரை கொண்டுவந்தது.

"தம்பியின்ரை தேப்பன், இவர் இங்கிலாந்திலை ஓடினதை ஒருக்காலும் பாக்கேல்லையாம்" என்று அப்பா ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "கடையைப் பூட்ட ஏலாதாம்."

"எங்கட ஆக்களும் அப்பிடித்தானே. கடை பூட்டுறதெண்டால் ஒரு செத்த வீடாவது வேணும்" என்றார் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. "தேப்பன் செத்ததுக்கும் இவர் பிந்தித்தான் போனவராம்" என்றார்.

தேர் நாளில் நானும் அம்மாவும் கோயிலடியில் நின்றோம். தேங்காய்ச் சிதறல்களைக் கூட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். தேர் திரும்புகிற நேரம். மேலாளருக்கு அன்று விமானம். அவரை ஏற்றப் போகிறேன், திரும்பி வந்து உங்களோடு நிற்கிறேன் என்று அப்பா காலையில் சொல்லியிருந்தார். சனத்துக்குள் அப்பாவின் அழைப்பு வந்தபோது, காரை எங்கே விடுவது என்று கேட்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

"பிள்ளை, ஒருக்கா இஞ்சை வா. பக்கத்துத் தெரு." அவ்வளவுதான் சொன்னார்.

அந்தப் பெண் நடைபாதை விளிம்பில் இருந்தார். தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். தேருக்கு வந்த யாரோ ஒருவர் தன் சால்வையை மடித்து அவருடைய கைக்குக் கீழே வைத்திருந்தார். மேலாளர் அவருக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, அசைய வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா காரின் கதவைப் பிடித்தபடி நின்றார். கழுத்தில் தொங்கும் மினிகாப் பட்ஜை மறு கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

பொலிஸ்காரி வந்து கேட்டபோது அப்பாவுக்கு ஆங்கிலம் வரவில்லை. முப்பது வருடமாக அந்த மொழியில் தொழில் செய்தவர். அன்று தமிழில்தான் பேசினார். நான் மொழிபெயர்த்தேன்.

"தம்பி பார் எண்டவர். தேரைத்தான் காட்டுறார் எண்டு நான் அங்காலை பாத்திட்டன். தேர் அந்தப் பக்கம்தானே தெரிஞ்சது."

பயணி பார்க்கச் சொன்னதாக அப்பா சொல்கிறார் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மேலாளர் எழுந்து வந்தார்.

"இல்லை. நான் நிறுத்தச் சொன்னேன்."

பொலிஸ்காரி இரண்டையும் எழுதிக்கொண்டார். மேலாளர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. அவர் முகத்தில் கோபம் இல்லை. இந்த மனிதர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்ற குழப்பம்தான் இருந்தது. அப்பாவின் முகத்திலும் அதே குழப்பம்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் மேலாளர் என்னைத் தனியாக அழைத்தார். "நான் இதில் சாட்சி. உன் அப்பாவோடு இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று காப்புறுதிக்காரர் சொல்லியிருக்கிறார்கள். உன்னோடும் பேசாமல் இருப்பதுதான் சரி" என்றார். பிறகு, "நான் உள்ளதைத்தான் சொன்னேன்" என்றார். நான் தெரியும் என்றேன். கூட்டங்களில் 'ஓம்' நின்றுபோனது.

அப்பாவின் மினிகாப் அனுமதியை அதை வழங்கும் அலுவலகம் இடைநிறுத்தியிருந்தது. விளக்கம் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார் அப்பா. எழுதினேன். இரண்டு மாதமளவில் பதில் வந்தது. அவருடைய விளக்கமும் பயணியின் வாக்குமூலமும் பொருந்தவில்லை, அதைப் பற்றி மேலும் என்ன சொல்ல விரும்புகிறார் என்று கேட்டிருந்தார்கள். சாதாரண அலுவலக வசனம். அப்பாவுக்கு அது அப்படிப் படவில்லை.

"என்னைப் பொய்காரன் எண்டு எழுதிக் கிடக்கு."

"அப்பிடி இல்லை, அப்பா. விளக்கம் கேட்டிருக்கினம்."

"கேட்டது ஆர்? அவையோ? தம்பியெல்லோ அப்பிடிச் சொன்னது."

"விடுங்கோவன்" என்றார் அம்மா. "அந்தாளுக்கும் பதட்டத்திலை என்ன சொன்னதெண்டு தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியும். எனக்குக் காது கேக்கும்."

நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில் அவர் பட்ஜைக் கழற்றி ஒரு உறையில் போட்டு, அனுமதி இனி வேண்டாம் என்று இரண்டு வரி எழுதித் தபாலில் சேர்த்துவிட்டார். யாரும் அவரிடமிருந்து அதைப் பறிக்கவில்லை. இடைநிறுத்தம் ஒருவேளை நீங்கியிருக்கலாம். ஆனால் பொருந்தவில்லை என்ற சொல்லுக்குக் கீழே இருந்துகொண்டு காத்திருக்க அவரால் முடியவில்லை.

அதற்குப் பிந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா யன்னலோரம் காரைத் துடைக்கும் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். துடைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை, ஆனாலும் மடித்தார். அலுவலகத்தில் ஒரு பழுதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நான், என்ன காரணத்தாலோ, பழுது எழுதும்போது கேட்கிற முதல் கேள்வியை அவரிடமும் கேட்டேன்.

"அப்பா, தம்பி என்ன சொன்னவர்?"

"பார் எண்டவர். எத்தினை தரம் சொல்லுறது?"

"அவர் என்ன கருதினவர் எண்டு இல்லை. உங்கட காதிலை என்ன சத்தம் விழுந்தது? அதை அப்பிடியே சொல்லுங்கோ."

அப்பா துணியை வைத்தார். கண்ணை மூடினார். "பாரா" என்றார். "'பாரா!' எண்டு கத்தினவர். தமிழ் சரியா வராதெல்லோ அவருக்கு. நாந்தான் பார் எண்டு எடுத்தன்."

நான் போனை எடுத்து அகராதியைத் திறந்தேன். போர்த்துக்கேய மொழியில் அந்தச் சொல்லுக்கு நிறுத்து என்று பொருள். ஒலியை அழுத்தினேன். கடைசி 'ஆ' ஒலியை அவர்கள் பாதி விழுங்கிவிடுகிறார்கள். வெளியே வருவது ஏறக்குறைய 'பார்'தான். அப்பாவும் கேட்டார். இன்னொருமுறை போடச் சொன்னார். பிறகு துணிகளை எடுத்து மீண்டும் மடிக்கத் தொடங்கினார்.

"நான் பிழையாக் கேக்கேல்லை" என்றார்.

"இல்லை, அப்பா."

"அவரும் பிழையாச் சொல்லேல்லை."

திங்கட்கிழமை நான் மேலாளரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பேசக்கூடாதென்று தெரியும், ஒரு கேள்வி மட்டும் என்றேன்.

"எந்த மொழியில் கத்தினீர்கள்?"

"ஆங்கிலத்தில்தான்." உடனே சொன்னார். மேசையில் இருந்த அவருடைய இடது கை, பழைய காயம்பட்ட கை, மெல்லத் திறந்து மூடியது. வாய் அசைந்தது. சத்தமில்லாமல் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"என் அப்பா கத்துவது" என்றார். "வளைவில் நின்றுகொண்டு."

பிறகு, "நான் என்ன கருதினேனோ அதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன சொன்னேனோ அதை அல்ல. எத்தனை பேருக்கு நான் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்" என்றார். எனக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று சொன்னேன். தெருவில் அன்றைக்கு நான் பொருளை மொழிபெயர்த்தேன். ஒலியை அப்படியே கொடுத்திருந்தால், பக்கத்தில் நின்ற அவருக்கு அந்த நிமிடமே விளங்கியிருக்கும். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

அன்றே வாக்குமூலத்தைத் திருத்தி அனுப்பினார். காப்புறுதிக்காரர் ஏற்றுக்கொண்டார்கள். மினிகாப் அனுமதி அலுவலகமும் மரியாதையாகவே பதில் எழுதியது. திருத்தத்தைக் கோப்பில் சேர்த்துவிட்டார்களாம். ஆனால் அனுமதியை ஓட்டுநரே திருப்பித் தந்துவிட்டதால் முடிவு செய்ய எதுவும் மீதமில்லையாம். மீண்டும் ஓட விரும்பினால் புதிதாக விண்ணப்பிக்கலாம். அதற்கு வைத்தியப் பரிசோதனை வேண்டும். ஆங்கிலப் பரீட்சையும் வேண்டும்.

"இங்கிலீசிலை நான் ஒரு பிழையும் விடேல்லையே" என்றார் அப்பா. "பிழை வந்தது தமிழிலையெல்லோ. அதுக்கு அவை பரீட்சை வைக்கேலுமோ?"

சிரிக்க வேண்டிய இடம். அம்மாகூடச் சிரிக்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை மேலாளர் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பஸ்ஸில் வந்தார். கையில் அவருடைய ஊர்க்காரர் கடையில் வாங்கிய பெரிய வட்டப் பாண் ஒன்று, கடதாசியில் சுற்றியபடி. வாசலிலேயே, "அண்ணை" என்றார். இந்த முறை உச்சரிப்பு சரியாக வந்தது. பழகிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

அப்பா கதவை அகலத் திறந்தார். "வாங்கோ, சேர்" என்றார், முன்பின் தெரியாத பயணியை மரியாதையாக அழைப்பதுபோல.

அவர் உள்ளே வந்து கதிரையில் இருந்தார். அம்மா தேநீர் கொடுத்தார். தான் செய்தது தவறு என்றும், தன் நினைவைத் தானே சோதிக்காமல் எழுதியதாகவும், அதற்காக வருந்துவதாகவும் சொன்னார். தயார்செய்து வந்த பேச்சு அல்ல. நடுவில் இரண்டு இடத்தில் நின்று நின்று சொன்னார். அப்பா முழுவதையும் கேட்டார்.

"அது உங்கட பிழையில்லை, சேர். பதட்டத்திலை ஆருக்கும் தாய் மொழிதான் வரும்."

மனதார மன்னித்துத்தான் சொன்னார். எனக்குத் தெரியும், அவர் மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறவர் அல்ல. ஆனால் 'தம்பி' வரவில்லை. மேலாளர் கோப்பையை மேசையில் வைக்கும்போது, அதை விரலால் தொட்டு, என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். கோப்பையும் அவர்களுடைய சொல்தான். முன்பென்றால் அங்கேயே விளையாட்டு தொடங்கியிருக்கும். அப்பா தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். மேலாளர் விரலை எடுத்துக்கொண்டார்.

போகும்போது 'வாறன்' என்றார். அப்பா, "ஓம், சேர், கவனமாப் போங்கோ" என்றார். பஸ் தரிப்புவரை நான் கூடப் போனேன். வழியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: 'சேர்' என்றால் தமிழில் வேறு ஏதாவது பொருள் இருக்கிறதா என்று. சேர்ந்துகொள் என்றும் பொருள் இருக்கிறது, ஆனால் அப்பா சொன்னது அது அல்ல என்றேன். அது ஆங்கிலச் சொல்தான் என்று தனக்கும் தெரியும் என்றார்.

அந்தப் பெண்ணின் எலும்பு பொருந்திவிட்டது. அவர் மறுபடியும் சைக்கிள் ஓட்டுகிறார். அப்பா பரீட்சைக்கு விண்ணப்பிக்கவில்லை. காரை விற்கவும் இல்லை. அவர் இப்போது ஒரு மரக்கறிக் கடையில் வாரத்தில் சில நாள் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காரை ஓட்டுகிறேன், அவர் இடப்பக்கம் இருக்கிறார். பேசுவது குறைவு. மேலாளர் விமான நிலையத்துக்கு ரயிலில் போகிறார். அலுவலகத்தில் நாங்கள் பழுதுகளை எழுதும் விதம் மாறவில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை அவர் அப்பாவின் சுகம் கேட்பார், நான் சொல்லுவேன். வீட்டுக்கு வந்து, அவர் கேட்டார் என்று அப்பாவிடமும் சொல்லுவேன். "ஆர், சேரோ?" என்பார் அப்பா. ஓம் என்பேன்.